60-ல் மிதித்தால் வண்டி உதறுகிறது, காலை எடுத்தால் அடங்கிவிடுகிறது

கோரிமேட்டான் (ஞாயிறு, இரவு 9.40)

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு மாதமாகத் தீராத தொல்லை, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

வண்டி 2014 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக். 1.2 லிட்டர், நாலு சிலிண்டர், ஐந்து கியர் மேனுவல், முன்சக்கர இழுவை. 92,000 கி.மீ. ஓடியிருக்கிறது, நான் இரண்டாவது ஓனர். கம்பெனி பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் இழை கம்பெனிச் சண்டையாகிவிடும்.

50-க்கும் 70-க்கும் நடுவில் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தால் வண்டி உதறுகிறது. குலுக்கல் மேலும் கீழும் இல்லை, இடமும் வலமுமாக. டாஷ்போர்டில் ஒட்டியிருக்கும் பிள்ளையார் "வேண்டாம், வேண்டாம்" என்று தலையாட்டுகிற மாதிரி இருக்கும். காலை எடுத்த அடுத்த நொடி சுத்தமாக நின்றுவிடும். தனியாக, சமதரையில், மெதுவாக மிதித்துப் போனால் ஒன்றுமே தெரியாது. போன மாதம் அம்மா, மனைவி, பிள்ளைகளோடு ஏற்காடு ஏறினேன். 20 கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவையும் முடித்து நேராக மிதிக்கும்போதெல்லாம் உதறல். அம்மா பத்தாவது வளைவிலேயே திரும்பிவிடலாம் என்றார்கள்.

இதுவரை செய்தது: நாலு சக்கரத்துக்கும் பேலன்சிங், அலைன்மென்ட், முன் டயரைப் பின்னாலும் பின் டயரை முன்னாலும் மாற்றியது, நாலு பிளக்கும் புதிது, ஏர் ஃபில்டர், பெட்ரோலில் ஊற்றுகிற ஒரு பாட்டில் மருந்து. ஒரு முன்னேற்றமும் இல்லை. இப்போது ஒரு பட்டறையில் மூன்று எஞ்சின் மவுண்டிங்கும் மாற்றணும் என்கிறார்கள். இன்னொரு இடத்தில் கிளட்ச் போய்விட்டது, 9,000 ஆகும் என்கிறார்கள். எதை நம்புவது?

பழைய டீசல் (ஞாயிறு, இரவு 10.05)

தம்பி, மற்றதெல்லாம் அப்புறம். டயரைக் கழற்றி மாட்டினேன் என்கிறீர்களே, நாலு சக்கரத்து நட்டையும் நாளைக் காலையில் நீங்களே ஒரு ஸ்பேனர் போட்டுப் பாருங்கள். ஒரு முறை டயர் கடைப் பையன் கையால் திருகிவிட்டு, "அண்ணே, முடிஞ்சது" என்றான். நானும் நம்பி எடுத்துவிட்டேன். தொப்பூர் இறக்கத்தில் ஸ்டியரிங் ஆட ஆரம்பித்தது. ஓரங்கட்டிப் பார்த்தால் நாலில் மூன்று நட் விரலுக்கே சுற்றுகிறது. இன்றைக்கும் அதை நினைத்தால் வயிறு கலங்கும். புதிதாக வந்த உதறலுக்கு முதல் பரிசோதனை ஸ்டெப்னி பக்கத்தில் கிடக்கும் அந்த ஸ்பேனர்தான். காசு செலவில்லை.

இ20 எதிரி (ஞாயிறு, இரவு 10.22)

பெட்ரோல்தான் பிரச்சினை. 20 சதவீதம் எத்தனால் கலந்து ஊற்றினால் 2014 மாடல் உதறாமல் என்ன செய்யும்? பங்க் மாற்றிப் பாருங்கள்.

மஞ்சள் ஹெல்மெட் (ஞாயிறு, இரவு 11.10)

எதிரி சார், எல்லா இழையிலும் இதையே எழுதுகிறீர்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் இறங்கினால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து டேங்க் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும், வண்டி திணறும். அது உண்மைதான். ஆனால் அந்தத் திணறலுக்கு வேகம் தெரியாது. 20-லும் திணறும், நிற்கும்போதும் திணறும், காலையில் ஸ்டார்ட் செய்யவே அடம் பிடிக்கும். 50 முதல் 70 வரை மட்டும் வந்து, காலை எடுத்தால் நிற்கும் உதறல் வேறு சாதி.

கோரிமேட்டான், எந்தச் சாமானையும் மாற்றுவதற்கு முன்னால் ஒன்று தெரியவேண்டும். உதறல் எஞ்சின் சுற்றுக்குக் கட்டுப்பட்டதா, சக்கரச் சுற்றுக்குக் கட்டுப்பட்டதா? இது தெரியாமல் மாற்றுவது இருட்டில் கல் எறிவது மாதிரி. பிளக்குக்கும் பேலன்சிங்குக்கும் நீங்கள் கொடுத்த காசு அப்படிப் போனதுதான்.

உங்கள் டயர் 165/80 ஆர்14 என்று வைத்துக்கொள்கிறேன். சுற்றளவு கிட்டத்தட்ட 1.95 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நொடிக்கு எட்டரை சுற்று சுற்றும். இப்போது மூன்றாம் கியரில் 60-ல் போகும்போது மீட்டரில் எவ்வளவு ஆர்.பி.எம். (எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று) என்று பாருங்கள். இந்த மாதிரி வண்டியில் 2,900 பக்கம் வரும். நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் ஒரு சிலிண்டர் இரண்டு சுற்றுக்கு ஒரு முறைதான் வெடிக்கும். அது சரியாக வெடிக்காவிட்டால் நொடிக்கு 24 குலுக்கல். சக்கரத்துக்கு இழுவை கொண்டுபோகும் ஷாஃப்டின் உள் ஜாயின்டில் மூன்று உருளைகள் இருக்கும். அது தேய்ந்திருந்தால் ஒரு சுற்றுக்கு மூன்று இடி, அதாவது நொடிக்கு 25, 26. 24-ம் 26-ம் உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்றுதான். அதனால்தான் "மிஸ்ஸிங் அடிக்குது" என்று சொல்லிப் பிளக் மாற்றிவிடுகிறார்கள்.

நாலாம் கியர் போட்டால் இரண்டும் பிரிந்துவிடும். அதே 60-ல் எஞ்சின் 2,100-க்கு இறங்கும், மிஸ்ஸிங் என்றால் குலுக்கல் நொடிக்கு 17, 18 ஆகிவிடும். கரடுமுரடாக, மெதுவாக வரும். சக்கரப் பக்கம் என்றால் கியர் மாற்றினாலும் அதே 26.

போனில் ஃபைஃபாக்ஸ் என்று ஒரு இலவச ஆப் இருக்கிறது. அதில் முடுக்கத்தின் அலைவரிசையைக் கோடாகக் காட்டும். போனை சீட் தண்டவாளத்தில் டேப் போட்டு ஒட்டி, பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். ஓட்டிக்கொண்டே போனைப் பார்க்காதீர்கள்.

இன்னொன்று. 90 வரை போய், காலை எடுத்து உருளவிடுங்கள். அப்போதும் ஆடினால் டயர், ரிம், பேலன்சிங். ஆடாவிட்டால் அதையெல்லாம் மறந்துவிடலாம். பேலன்சிங் கோளாறு நீங்கள் மிதிக்கிறீர்களா இல்லையா என்று பார்த்துக்கொண்டிருக்காது.

கிரீஸ் கை (திங்கள், காலை 6.30)

அக்கா சொல்வது நூற்றுக்கு நூறு. நான் நாமக்கல் பக்கம் பட்டறை வைத்திருக்கிறேன், 22 வருஷம். எனக்கு இந்தக் கணக்கெல்லாம் வராது, ஆனால் கை அதையேதான் சொல்லும்.

கிளட்ச் என்று சொன்னவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். கிளட்ச் உதறினால் முதல் கியரில் வண்டி கிளம்பும்போதுதான் உதறும். முழுசாகப் பிடித்தபிறகு 60-ல் அது எதற்கு உதறணும்? தேய்ந்திருந்தால் மிதிக்க மிதிக்க ஆர்.பி.எம். ஏறும், வேகம் ஏறாது. அப்படி இருக்கிறதா? இல்லையென்றால் 9,000-ஐ பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். மவுண்டிங் போனால் சிக்னலில் நிற்கும்போதே தெரியும், ஏ.சி. போட்டால் கதவு கண்ணாடி அதிரும், கியர் மாற்றினால் டொக்கு என்று ஒரு அடி விழும்.

எஞ்சின் லைட் மினுக்குகிறதா? அதையும் சொல்லுங்கள். மினுக்கினால் ஓட்டாதீர்கள், எரியாத பெட்ரோல் போய் சைலன்சரில் இருக்கும் கேட்டலிடிக் கன்வர்ட்டரைச் சுட்டுத் தின்றுவிடும்.

கோரிமேட்டான் (செவ்வாய், இரவு 8.50)

பழைய டீசல் அண்ணே, நட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருக்கிறது. எஞ்சின் லைட் எரியவே இல்லை. நண்பரிடம் புளூடூத் ஸ்கேனர் வாங்கி ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகிப் பார்த்தேன். மிஸ்ஸிங் இருந்தால் பதிவாகும் பி 0300 முதல் பி 0304 வரையான கோளாறு எண் எதுவும் இல்லை.

இன்று சாயங்காலம் கொண்டலாம்பட்டி பைபாஸில் மைத்துனனைப் பக்கத்தில் உட்காரவைத்து எடுத்தேன். மூன்றாம் கியர், 60, 2,900 ஆர்.பி.எம்.: 26-ல் ஒரு கூரான முனை. நாலாம் கியர், 60, 2,100: அதே 26! 70-ல் 30-க்கு நகர்ந்துவிட்டது. 90-ல் காலை எடுத்து உருளவிட்டால் கோடு தட்டையாகிவிடுகிறது. அக்கா, நீங்கள் எழுதியதை அப்படியே பார்த்து வண்டிக்குள்ளேயே கத்திவிட்டேன், மைத்துனன் பயந்துவிட்டான்.

மஞ்சள் ஹெல்மெட் (செவ்வாய், இரவு 9.15)

அருமை. 60-ல் 26, 70-ல் 30. வேகம் எந்தக் கணக்கில் ஏறியதோ அதே கணக்கில் குலுக்கலும் ஏறியிருக்கிறது. எஞ்சின் தப்பித்தது. சக்கரச் சுற்றைப்போல் மூன்று மடங்கு, அதுவும் இழுவை இருக்கும்போது மட்டும். உள் ஜாயின்டைத்தான் பார்க்கணும். இடதா வலதா என்பது போனுக்குத் தெரியாது, அதை கிரீஸ் கை அண்ணனிடம் விட்டுவிடுகிறேன்.

கிரீஸ் கை (செவ்வாய், இரவு 10.30)

தம்பி, கொஞ்சம் விளக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நாளைக்கு மெக்கானிக்கிடம் பேச உதவும்.

முன்சக்கர இழுவை வண்டியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு ஆக்சில், அக்கா சொன்ன ஷாஃப்ட் இதுதான். அதன் இரண்டு முனையிலும் சி.வி. ஜாயின்ட். சக்கரத்துப் பக்கம் இருப்பது வெளி ஜாயின்ட், உள்ளே ஆறு குண்டு இருக்கும். ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது கட் கட் கட் என்று சத்தம் வந்தால் அது போய்விட்டது என்று அர்த்தம். சத்தம் போடும், பெரும்பாலும் உதறாது.

கியர்பாக்ஸ் பக்கம் இருப்பது உள் ஜாயின்ட். ஒரு கிண்ணம், அதற்குள் மூன்று வாய்க்கால், வாய்க்காலுக்கு ஒன்றாக மூன்று உருளை. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது ஆக்சில் நீளம் கூடிக் குறையணுமே, அந்த வேலையை இதுதான் பார்க்கிறது. உருளை வாய்க்காலில் முன்னும் பின்னும் ஓடும். ஒரே இடத்தில் லட்சம் கி.மீ. ஓடினால் அந்த இடத்தில் குழி விழும். சும்மா உருளும்போது குழி தெரியாது. மிதித்து லோடு கொடுத்தால் உருளை குழியில் மாட்டி மாட்டி ஏறும், ஏறும்போதெல்லாம் ஆக்சிலைப் பக்கவாட்டில் தள்ளும். உங்கள் பிள்ளையார் இடவலமாகத் தலையாட்டுவது அதனால்தான்.

ஏற்காட்டில் ஏன் அதிகம்? பின்னால் ஆள் உட்கார்ந்து, மேட்டில் அழுத்தி மிதித்தால் வண்டி மூக்கைத் தூக்கும். தூக்கினால் ஆக்சில் சாய்வு கூடும். சாய்வு கூடக்கூட உருளை ஓடுகிற தூரமும் கூடும். அவ்வளவுதான்.

வடமராட்சியான் (புதன், காலை 7.15)

வணக்கம். நான் யாழ்ப்பாணத்தில் இருந்து. என்னுடைய கார் யப்பானில் இருந்து வந்த பழைய ஓட்டோ கியர், சி.வி.ரி. வகை. 30, 40-இல் மெதுவாக மிதிச்சுக்கொண்டு போகேக்கை தகரக் கூரைக்கு மேல ஓடுற மாதிரி ஒரு நடுக்கம். இதுவும் அந்த ஜொயின்ற் தானோ?

கிரீஸ் கை (புதன், காலை 7.40)

இல்லை அண்ணா, உங்களுடையது வேறு மாதிரி. மெதுவாக மிதிக்கும்போது, குறைந்த வேகத்தில் வந்தால் டார்க் கன்வர்ட்டர் (எஞ்சின் இழுவையை ஆயில் வழியாக கியர்பாக்ஸுக்குக் கொண்டுபோவது) லாக் ஆகிற இடத்தில் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது என்று சந்தேகப்படணும். முதலில் கியர் ஆயிலைப் பாருங்கள். எப்போது மாற்றியது, என்ன ஆயில் ஊற்றியது என்று தெரியவேண்டும். சி.வி.டி.-க்கு, அதாவது பெல்ட்டில் ஓடும் உங்கள் ஆட்டோ கியருக்கு, அதற்கென்று உள்ள ஆயில்தான். சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை ஊற்றியிருந்தால் நடுக்கம் வரும், விட்டால் உள்ளே இருக்கும் பெல்ட்டும் போகும். கையேட்டில் போட்டிருக்கும் ஆயிலை ஊற்றிப் பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம்.

வடமராட்சியான் (புதன், காலை 8.02)

போன வருசம் கராஜில் "எல்லாம் ஒண்டுதான்" எண்டு சொல்லி ஏதோ ஊத்தினவை. விளங்கிட்டுது. தனி இழை போடுறன், நன்றி அண்ணா.

கோரிமேட்டான் (வெள்ளி, இரவு 9.30)

ஒரு பின்னடைவு. மெக்கானிக் வண்டியை லிஃப்டில் ஏற்றினார். இடது பக்க வெளி பூட் (ஜாயின்டை மூடியிருக்கும் ரப்பர் உறை) கிழிந்து, ரிம்மின் உள்பக்கம் முழுக்க கிரீஸ் தெறித்திருந்தது. "இதோ பிடிச்சிட்டேன்" என்று இடது வெளி ஜாயின்டை மாற்றிவிட்டார். உதறல் அப்படியே இருக்கிறது. மறுபடியும் லிஃப்டில் ஏற்றி, கியரைப் போட்டுச் சக்கரத்தைச் சுற்றவிட்டார். இரண்டு ஆக்சிலும் கன்னாபின்னாவென்று ஆடியது. "ரெண்டும் வளைஞ்சிருக்கு, ஜோடியா மாத்தணும்" என்கிறார்.

கிரீஸ் கை (வெள்ளி, இரவு 9.50)

ஐயோ. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது சஸ்பென்ஷன் முழுசாகக் கீழே இறங்கிவிடும், ஆக்சில் இருக்கக்கூடாத சாய்வில் நிற்கும். அந்த நிலையில் கியர் போட்டுச் சுற்றினால் ஷோரூம் வண்டி ஆக்சில்கூட ஆடும். ஆபத்து வேறு, ஒன்று கழன்றால் ஆள் கால் போய்விடும். அப்படிச் செய்ய விடாதீர்கள். வளைந்த ஆக்சில் என்றால் அடிபட்டிருக்கணும், உங்களுக்கு விபத்து எதுவும் நடக்கவில்லையே?

கிழிந்த பூட்டை மாற்றியது தப்பில்லை. மண் போயிருந்தால் என்றைக்கிருந்தாலும் சத்தம் போட்டிருக்கும். ஆனால் உங்கள் உதறலுக்கு அது குற்றவாளி இல்லை. கண்ணுக்கு முதலில் தெரிவதையே எல்லோரும் குற்றவாளி ஆக்குகிறோம். நானே இருபது தடவை செய்திருப்பேன்.

வண்டியை நாலு சக்கரமும் தரையில் ஊன்றி நிற்கிற குழியில் விடச் சொல்லுங்கள். எஞ்சினை அணைத்து, கியர் போட்டு, ஆக்சிலைக் கையால் பிடித்து முன்னும் பின்னும் முறுக்கிப் பார்க்கணும். உள் ஜாயின்டில் டக் டக் என்று ஆட்டம் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்துப் பூட் கிளிப்பை மட்டும் கழற்றிப் பின்னால் தள்ளி உள்ளே பார்க்கச் சொல்லுங்கள். பூட் கிழியவில்லை என்பதால் உள்ளே நன்றாக இருக்கிறது என்று நினைக்கவேண்டாம். கிழியாத பூட்டுக்குள்ளேயும் கிரீஸ் வெந்து தண்ணியாகும்.

சிக்கன சிவம் (வெள்ளி, இரவு 10.40)

புதுப்பேட்டையில் பழைய ஆக்சில் பாதி விலைக்குக் கிடைக்கும். இல்லாவிட்டால் இன்னொரு வழி, செலவே இல்லை. இரண்டு பக்கக் கிண்ணமும் ஒரே அளவாக இருந்தால் இடதை வலதிலும் வலதை இடதிலும் மாட்டிவிடுங்கள். முன்னால் போகும்போது லோடு விழும் முகம் மாறிவிடும், தேயாத பக்கத்தில் உருளை ஓடும். என் அப்பா காலத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

மஞ்சள் ஹெல்மெட் (வெள்ளி, இரவு 11.00)

சிவம் சார், யோசனை கெட்டிக்காரத்தனம்தான், நியாயமும் இருக்கிறது. ஆனால் பல வண்டியில் இடதும் வலதும் ஒன்றாக இருக்காது. இருந்தாலும் கழற்றி மாட்டும் கூலி இரண்டு பக்கத்துக்கும் ஆகும், உருளையின் ஊசி பேரிங் பழையதாகவே இருக்கும். புதுப்பேட்டை ஆக்சிலை எடுத்தால் அது எந்த வண்டியில் எத்தனை லட்சம் ஓடியதோ? உருளை, குழி இரண்டையும் காசு கொடுத்து வாங்கின மாதிரி ஆகிவிடும்.

கோரிமேட்டான் (ஞாயிறு, மாலை 5.20)

முடிந்தது. நடந்ததைச் சொல்கிறேன்.

வேறு பட்டறைக்குப் போனேன், குழி உள்ள இடம். பெரியவர் ஒருவர், அதிகம் பேசமாட்டார். இறங்கி இரண்டு ஆக்சிலையும் முறுக்கிப் பார்த்தார். இடது பக்கம் கொஞ்சம், வலது பக்கம் குழிக்கு மேல் நின்ற எனக்கே டக் என்று கேட்டது. வலது பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. கிளிப்பை வெட்டிப் பூட்டைத் தள்ளினார். உள்ளே கிரீஸ் இல்லை, கறுப்பாக எஞ்சின் ஆயில் மாதிரி ஒழுகியது. விரலில் தேய்த்துக் காட்டினார், வெயிலில் வெள்ளி ஜரிகை மாதிரி இரும்புத் தூள் மின்னியது.

கிண்ணத்தை டீசலில் கழுவித் துடைத்து என் கையில் கொடுத்து, "நகத்தை ஓட்டிப் பாருங்க" என்றார். வாய்க்காலில் நகத்தை ஓட்டினால் வழவழவென்று போய், ஓரிடத்தில் தட்டி இறங்கி, மறுபடி ஏறியது. மூன்று வாய்க்காலிலும் ஒரு பக்கச் சுவரில் மட்டும், அதே இடத்தில். எதிர்ச் சுவர் புதுசு மாதிரி இருந்தது. சிவம் சார் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. உருளை ஒன்றில் ஊசி பேரிங் சொரசொரவென்று சுற்றியது.

வலது உள் ஜாயின்ட் முழுசாகப் புதிது போட்டோம். கிட்டோடு வந்த கிரீஸையே அடைத்தார், கடை டப்பா கிரீஸ் வேண்டாம் என்றார். ஆக்சிலை இழுத்தபோது கியர் ஆயில் கொஞ்சம் கொட்டியதால் ஆயில் சீலையும் மாற்றி, அளவு பார்த்து ஊற்றினார். ஆக்சில் முனையைச் சக்கரத்தோடு பிடிக்கும் ஹப் நட் பழையதைத் திரும்பப் போடவில்லை, புதிது. ஜாயின்ட், சீல், ஆயில், கூலி எல்லாம் சேர்த்து 5,600. இந்த இரண்டு மாதத்தில் வீணாகப் போட்டதும் கிட்டத்தட்ட அதே அளவுதான், மனைவியிடம் கணக்குச் சொல்லவில்லை.

நேரே ஏற்காடு ஏறினேன், அம்மாவையும் கூட்டிக்கொண்டு. மூன்றாம் கியரில் அழுத்தி மிதித்தேன். பிள்ளையார் அசையவில்லை. போன் கோட்டில் 26-ல் ஒரு சின்னப் புடைப்பு மட்டும் மிச்சம். உட்கார்ந்தால் தெரியாது.

மஞ்சள் ஹெல்மெட் (ஞாயிறு, மாலை 6.05)

அந்தப் புடைப்பு இடது பக்கத்துடையது. பெரியவரும் "இடது கொஞ்சம்" என்றாரே. இப்போது ஒன்றும் செய்யவேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதே சாலையில், அதே 60-ல் கோடு எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வளர்ந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

இ20 எதிரி (ஞாயிறு, மாலை 6.20)

சரி சரி, ஒத்துக்கொள்கிறேன். எந்த பங்கில் போட்டீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

பழைய டீசல் (ஞாயிறு, இரவு 7.00)

தம்பி, சக்கரத்தைக் கழற்றித்தானே ஆக்சிலை உருவினார்கள்? 100 கி.மீ. ஓடியதும் நட்டை ஒரு தடவை பாருங்கள்.

கோரிமேட்டான் (புதன், காலை 6.45)

பார்த்தேன் அண்ணே. முன் வலதில் ஒரு நட் கால் திருப்பு வாங்கியது.